மறுதொகுப்பும் இரவற் குரலும்: அறிவியற் புனைகதைத் திரைப்படங்கள் பற்றிய ஒரு நோக்கு

1

கலைப்படைப்பொன்று முடிவடைந்துவிட்டது எனக் கூறும் அதிகாரம் யாரிடம் உள்ளது என்னும் வினா, திரைப்படத்தைப் பொறுத்தவரை, அக்கலையின் தொடக்க காலத்திலிருந்தே எழுந்து வந்துள்ளது. திரைப்படம் பலருடைய கூட்டு உழைப்பினால் உருவாவது. ஆயின் சந்தைக்கு வரும்பொழுது அது ஒரு நிறுவனத்தின் உடைமையாகவே வருகின்றது. உழைத்தோர் பலர், உடைமையாளர் சிலர் என்னும் இம்முரண்பாட்டினிடையே அண்மைக் காலத்தில் மூன்றாவது தரப்பொன்று தோன்றியுள்ளது. வெளிவந்த படத்தைத் தம் வீட்டுக் கணினியில் மீண்டும் வெட்டியும் ஒட்டியும் வேறொரு வடிவில் அமைக்கும் ரசிகர்களே அத்தரப்பினர். அறிவியற் புனைகதைப் படங்களிலேயே அவர்களது கவனம் பெரிதும் சென்றுள்ளது. இப்பொழுது இதனோடு மற்றொரு வழக்கமும் சேர்ந்துள்ளது. நடிகர் ஒருபோதும் பேசாத வசனங்களைச் செயற்கை நுண்ணறிவின் துணையால் அவரது குரலிலேயே உண்டாக்கிப் படத்தில் இணைப்பதே அது.

இவ்விரண்டையும் ஒரே செயலின் இரு படிகளாகக் கொள்வோர் பலர். மறுதொகுப்பை மக்கள் கலையென வரவேற்போருட் பலர் செயற்கை உரையாடலையும் அவ்வாறே வரவேற்கின்றனர். செயற்கை உரையாடலைக் கண்டிப்போரோ மறுதொகுப்பையும் திருட்டென்று தள்ளிவிடுகின்றனர். இவ்விரு நிலைப்பாடுகளும் பிழையானவை என்பதே எமது கருத்தாகும். மறுதொகுப்பு அடிப்படையில் ஒரு விமர்சனச் செயல். இரவற் குரலோ பிறர் உழைப்பின் மீது செலுத்தப்படும் ஓர் அதிகாரம். இவ்வேறுபாட்டைத் தெளிவுபடுத்துவதே இக்கட்டுரையின் நோக்கம்.

2

1927ஆம் ஆண்டு சனவரியில் பேர்லினில் முதன்முதலாகத் திரையிடப்பட்ட பிரித்ஸ் லாங்கின் 'மெற்றோபொலிஸ்' இவ்வாராய்ச்சிக்குச் சாலப் பொருத்தமானது. அறிவியற் புனைகதைப் படங்களுக்கு முன்னோடியாகிய அப்படம், பிறர் கையில் உருமாறிய படங்களுக்கும் முன்னோடியாகும். அமெரிக்காவில் அதனை வெளியிட்ட பரமவுண்ட் நிறுவனம், சானிங் பொலொக் என்னும் நாடகாசிரியரைக் கொண்டு அதனைச் சுருக்குவித்தது. படத்தின் காற்பங்கிற்கு மேல் வெட்டப்பட்டது. அது மௌனப்படம் ஆதலின் பாத்திரங்களின் பேச்சு இடையிடையே வரும் எழுத்தட்டைகளிலேயே இருந்தது. அவ்வட்டைகளும் புதிதாக எழுதப்பட்டன.

மூலப்படத்தில் றொட்வாங் என்னும் விஞ்ஞானி இயந்திரப் பெண்ணை உருவாக்குவது, தான் இழந்த ஹெல் என்னும் பெண்ணை மீளப் பெறுவதற்காகும். அப்பெயர் ஆங்கிலத்தில் நரகத்தைக் குறிக்கும் சொல்லை ஒத்திருந்தமையால் அப்பெண்ணே கதையிலிருந்து நீக்கப்பட்டாள். அவள் நீங்கவே இயந்திரம் ஏன் படைக்கப்பட்டது என்பதற்குரிய உள்ளார்ந்த காரணமும் நீங்கியது. நடிகரின் உதடுகள் முன்போலவே அசைந்தன. அவை உரைத்த பொருள் மட்டும் மாறிவிட்டது. 2008இல் புவெனஸ் அயர்ஸ் நகரின் திரைப்பட அருங்காட்சியகத்தில் நீண்ட பிரதியொன்று இனங்காணப்பட்டு, 2010இல் ஏறத்தாழ முழுமையான வடிவம் திரையிடப்படும் வரை, எண்பது ஆண்டுகளுக்கு மேலாகக் குறைபட்ட வடிவங்களைக் கொண்டே உலகம் லாங்கை மதிப்பிட்டு வந்தது. பேசாத பேச்சைப் பாத்திரத்தின் வாயில் ஏற்றும் வழக்கம் கணினியோடு தோன்றியதன்று என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டியதில்லை.

இப்படத்தின் கதையே நாம் எடுத்துக்கொண்ட வினாவைத் தன்னுள் கொண்டுள்ளமை கவனிக்கத்தக்கது. நிலத்தடியில் உழலும் தொழிலாளர் மரியா என்னும் பெண்ணின் சொற்களை நம்பி நிற்கின்றனர். நகரின் அதிபதியாகிய பிரெடெர்சன் அந்நம்பிக்கையை முறிக்க விரும்பி, இயந்திரத்திற்கு மரியாவின் உருவத்தைக் கொடுக்குமாறு றொட்வாங்கைப் பணிக்கின்றான். போலி மரியா தொழிலாளரிடையே தோன்றி, உண்மை மரியா ஒருபோதும் சொல்லாதவற்றைச் சொல்கின்றாள். அவர்கள் அவளை நம்பி இயந்திரங்களைத் தகர்க்க, அவர்களது பிள்ளைகள் வாழும் நகரே வெள்ளத்தில் மூழ்குகின்றது. முதலாளியும் தொழிலாளியும் கைகுலுக்கும் அப்படத்தின் இறுதிச் சமரசத்தை நாம் ஏற்கவேண்டியதில்லை. எனினும் ஒன்றை அது சரியாகவே கண்டுள்ளது. தொழிலாளர் ஏமாறியது அறியாமையினால் அன்று. மரியாவோடு அவர்கள் கொண்டிருந்த உறவினாலேயே ஏமாறினர். பறிக்கப்பட்டது முகம் மட்டுமன்று, அம்முகம் காலப்போக்கில் ஈட்டிய நம்பிக்கையுமாகும்.

3

இனி ரசிகரின் மறுதொகுப்பை நோக்குவோம். வெட்டி இணைப்பதனால் பொருள் மாறும் என்பதைச் சோவியத் திரைப்படக் கலைஞர் தெளிவாக உணர்ந்திருந்தனர். எஸ்பிர் சூப் என்னும் பெண்மணி வெளிநாட்டுப் படங்களைச் சோவியத் பார்வையாளருக்கென மறுதொகுப்புச் செய்பவராகப் பணியாற்றினார். லாங்கின் 'டொக்டர் மபூசே' படத்தை அவர் அவ்வாறு தொகுத்தபொழுது உடனிருந்து கற்றவர் ஐசென்ஸ்ரைன். பின்னர் 1927இல், சார் மன்னன் குடும்பத்தினரைப் படம்பிடித்திருந்த பழைய சுருள்களையும் செய்திப்படங்களையும் கொண்டே, 'றொமானொவ் வம்சத்தின் வீழ்ச்சி' என்னும் படத்தைச் சூப் ஆக்கினார். மன்னனின் பெருமைக்காகப் பிடிக்கப்பட்ட காட்சி அவனுக்கு எதிரான சாட்சியமாயிற்று. காட்சிகளைப் புதிதாகப் பிடிக்காமல் அவற்றின் வரிசையை மாற்றியதனாலேயே இது நிகழ்ந்தது.

ரசிகரின் மறுதொகுப்பு இம்மரபை அறியாமலே தொடர்கின்றது எனலாம். 1999இல் வெளிவந்த 'ஸ்ரார் வோர்ஸ்' வரிசைப் படமாகிய 'த பான்ரம் மெனஸ்' பலருக்கு ஏமாற்றமளித்தது. அதிலிருந்து ஏறத்தாழ 18 நிமிடங்களை நீக்கிய 'பான்ரம் எடிற்' என்னும் வடிவம் 2001 அளவில் ஒளிநாடாப் பிரதிகளாகக் கைக்குக் கை மாறியது. ஜார் ஜார் பிங்ஸ் என்னும் கோமாளிப் பாத்திரத்தின் இடம் அதில் பெரிதும் குறைக்கப்பட்டது. விளக்கங்களாக நீண்ட உரையாடல்கள் சுருக்கப்பட்டன. இதனைச் செய்தவர் எழுதக்கூடிய விமர்சனக் கட்டுரையை வெட்டுகளாகவே எழுதினார் என்று கூறுவது பொருந்தும். கட்டுரை எழுதும் விமர்சகன் படம் தொய்கின்றது என்று சொல்லிவிட்டுப் போகலாம்; மறுதொகுப்பாளனோ எவ்விடத்தில், எத்தனை விநாடி தொய்கின்றது என்று காட்டியாக வேண்டும். அத்துடன் மூலப்படம் எவருக்கும் கிடைப்பதால் அவனது தீர்ப்பை ஒப்புநோக்கிச் சோதிக்கவும் இயலும்.

இதற்கு மறுதலையான முயற்சியும் உண்டு. வண்ணமேற்றுவதும் திருத்துவதும் பழைய படங்களைச் சிதைக்கும் என 1988இல் அமெரிக்கப் பாராளுமன்றத்தின் முன் வாதாடியவர்களுள் ஜோர்ஜ் லூக்காஸ் ஒருவர். அவரே 1997இல் தமது பழைய மூன்று படங்களைத் திருத்தி வெளியிட்டு, பின்னரும் திருத்தி, அவை முதலில் வெளிவந்த வடிவம் நல்ல நிலையில் விற்பனைக்குக் கிடையாதவாறு பல ஆண்டுகள் வைத்திருந்தார். செக் நாட்டு ரசிகர் ஒருவர் முன்னின்று, பல்வேறு பதிப்புகளிலிருந்தும் துணுக்குகளைத் திரட்டி, 1977ஆம் ஆண்டின் வடிவத்தை ஏறத்தாழ மீட்டெடுத்தார். இங்கு ரசிகன் திருத்துவோன் அல்லன். திருத்தங்களைக் களையும் பதிப்பாசிரியன். மூலத்தைக் காக்கும் பணி உடைமையாளனின் கையிலிருந்து நழுவி, சட்டத்தின் கண்ணில் உரிமையற்ற ஒருவனிடம் வந்து சேர்ந்தது. உடைமையும் பொறுப்பும் ஒன்றல்ல என்பதற்கு இது தக்க உதாரணமாகும்.

4

வெட்டுவோனுக்கு ஓர் எல்லை உண்டு. இருப்பதைக் குறைக்கலாம், இடம் மாற்றலாம். இல்லாததை அவனால் உண்டாக்க முடியாது. அவ்வெல்லையே அவனது செயலை விமர்சனமாக்கியது என்பது எமது துணிபு. செயற்கைக் குரல் அவ்வெல்லையை அகற்றிவிடுகின்றது. ஒருவரது ஒலிப்பதிவுகளிலிருந்து அவரது குரலின் இயல்புகளைக் கணினி கற்றுக்கொள்கின்றது. பின்னர் எழுதிக் கொடுக்கும் எவ்வாசகத்தையும் அக்குரலில் ஒலிக்கின்றது. மற்றொரு முறையில், வேறொருவர் உணர்ச்சியுடன் பேசிய பேச்சின் மீது அக்குரல் போர்த்தப்படுகின்றது. பின்னதில் நடித்தவர் ஒருவர், கேட்கப்படுபவர் இன்னொருவர்.

உடலையும் குரலையும் பிரிப்பது புதிதன்று என்று மறுமொழி கூறப்படலாம். அது உண்மையே. 1977இல் டார்த் வேடரின் உடையுள் நடித்தவர் டேவிட் புறவுஸ்; படத்தில் ஒலித்ததோ ஜேம்ஸ் ஏர்ல் ஜோன்ஸின் குரல். 'பிளேட் ரன்னர்' படத்தின் 2007ஆம் ஆண்டு வடிவத்தில் உரையாடலும் உதடும் பொருந்தாத ஒரு காட்சியைச் சீர்செய்வதற்கு ஹரிசன் போர்ட்டின் மகனது வாயசைவு பயன்படுத்தப்பட்டது. ஆயின் இவற்றிலெல்லாம் ஒரு மனிதர் வேலைக்கு வந்தார், என்ன செய்யப்போகின்றோம் என்பதை அறிந்திருந்தார், செய்து முடித்தார். அவ்வேலை ஒரு நாளில் முடிவடைந்தது. செயற்கைக் குரலிலோ வேலைக்கு முடிவில்லை. ஒருமுறை செலுத்தப்பட்ட உழைப்பு, உழைத்தவர் இல்லாமலே, மேன்மேலும் உழைத்துக்கொண்டிருக்கின்றது.

ஜோன்ஸின் கதை இதனை நன்கு விளக்கும். முதற் படத்துக்குத் தாம் பெற்றது 7,000 டொலர் என்று அவர் கூறியுள்ளார். 2022இல் வெளிவந்த 'ஒபி-வான் கெனோபி' தொடருக்கு, அவரது இசைவுடன், பழைய ஒலிப்பதிவுகளைக் கொண்டு றெஸ்பீச்சர் என்னும் உக்ரேனிய நிறுவனம் அவரது குரலை இளமை குன்றாது உண்டாக்கியது. 2024 செப்டெம்பரில் அவர் காலமானார். 2025 மே மாதத்தில் போர்ட்நைற் என்னும் கணினி விளையாட்டில் டார்த் வேடர் விளையாடுவோருடன் உரையாடத் தொடங்கினார். குடும்பத்தினர் இசைந்திருந்தனர். எனினும், தம்முடன் பேச்சுவார்த்தை நடத்தாது நடிகரின் வேலை இயந்திரத்திடம் ஒப்படைக்கப்பட்டது என அமெரிக்க நடிகர் தொழிற்சங்கம் முறைப்பாடு செய்தது. விளையாடியோர் சிலர் அக்குரலைத் தகாத சொற்கள் பேசவைத்தமையும், நிறுவனம் விரைந்து அதனைச் சீர்செய்ய நேர்ந்தமையும் அனைவரும் அறிந்தவை. இசைவு பெறப்பட்ட இடத்திலேயே நிலைமை இதுவாயின், இசைவே கேட்கப்படாத இடத்தைப் பற்றிக் கூறவேண்டியதில்லை. 2023இல் அதே சங்கம் 118 நாட்கள் நடத்திய வேலைநிறுத்தத்தில் நடிகரின் செயற்கைப் பிரதி முக்கிய கோரிக்கைகளுள் ஒன்றாக இருந்தமை தற்செயலன்று.

5

ரசிகர் தரப்பு நியாயமொன்றும் உண்டு. அவர் இலாபம் கருதுவதில்லை. வெட்டிய இரு காட்சிகளை இணைக்க நான்கு சொற்கள் தேவைப்படுகின்றன. அச்சொற்களால் யாருக்கு என்ன தீங்கு என்று கேட்கின்றார். நிறுவனங்கள் செய்வதோடு ஒப்பிடுகையில் இது சிறிது என்பதை நாம் மறுக்கவில்லை. தமிழ்த் திரையுலகம் தொடர்பான நிகழ்வொன்று இங்கு நினைவுகூரத்தக்கது. அறிவியற் புனைகதையன்றாயினும், 2013இல் வெளிவந்த 'ராஞ்சணா' என்னும் இந்திப் படத்தின் தமிழ் வடிவமாகிய 'அம்பிகாபதி', 2025 ஓகஸ்டில் செயற்கை நுண்ணறிவினால் மாற்றப்பட்ட மகிழ்ச்சி முடிவுடன் அதன் உடைமை நிறுவனத்தினால் வெளியிடப்பட்டது. இறந்த நாயகன் பிழைத்தெழுந்தான். நெறியாளர் ஆனந்த் எல். ராயும் நடிகர் தனுஷும் வெளிப்படையாக எதிர்த்தனர். எனினும் படம் திரைக்கு வந்தது. இதனைச் செய்தவர் ரசிகரல்லர், சட்டபூர்வ உரிமையாளர். எனவே திருட்டா உரிமையா என்னும் சட்ட வினா எமக்கு வழிகாட்டாது. யாருடைய உழைப்பு, யாருடைய இசைவின்றி, யாருடைய பெயரால் பேசவைக்கப்படுகின்றது என்பதே கேட்கவேண்டிய வினா. அவ்வினாவை நிறுவனத்திடம் கேட்கும் நாம் ரசிகனிடமும் கேட்டாக வேண்டும். சிறியவன் செய்தான் என்பதனால் செயலின் தன்மை மாறிவிடாது. அன்றியும், ரசிகர் ஊதியமின்றிப் பழக்கப்படுத்தும் வழக்கத்தையே நிறுவனம் நாளை நியமமாக்கும்.

எமது பதிப்பு மரபு இதற்கு உதவும் இரு சொற்களைத் தந்துள்ளது: பாடபேதம், இடைச்செருகல். ஏடுகளை ஒப்புநோக்கிப் பாடந்தேர்ந்த பதிப்பாசிரியர் தாம் கொண்ட பாடத்தை மேலேயும் கொள்ளாததைக் கீழேயும் தந்தனர். படிப்போன் அவர்களோடு முரண்படுவதற்கு இடம் வைத்தனர். மறுதொகுப்பு இவ்வகையிற் பாடபேதமாகும். கம்பராமாயணத்துள் புகுந்த வெள்ளிப்பாடல்களோ புலவனின் யாப்பிலேயே, அவன் குரலிலேயே ஒலிக்க முயன்றவை. அவற்றைப் பிரித்தறியும் பணி இன்றும் முடிந்தபாடில்லை. அவற்றுட் சில நல்ல கவிதைகளாகவும் இருக்கலாம். குற்றம் அவற்றின் தரத்திலன்று. தம்மை எழுதியவனை அவை மறைத்து நின்றமையே குற்றம்.

ஆதலின் புதிய உரையாடல் வேண்டும் ரசிகன் அதனை எழுதட்டும். தன் குரலிலோ, இசைந்து முன்வரும் வேறொரு நடிகரின் குரலிலோ பேசவைக்கட்டும். சேர்த்தது எது என்பதைப் படத்தின் தொடக்கத்திலேயே அறிவிக்கட்டும். குரல் மாறும் இடத்தில் கேட்போனின் காது இடறும். அவ்விடறலை ஒரு குறையாக நாம் கருதவில்லை. மூலம் எங்கே முடிகின்றது, விமர்சனம் எங்கே தொடங்குகின்றது என்பதை அதுவே காட்டும். மெற்றோபொலிஸின் தொழிலாளருக்கு அத்தகைய அடையாளம் எதுவும் கிடைக்கவில்லை. இரு மரியாக்களையும் வேறுபடுத்த அவர்களுக்கு வழியிருந்திருப்பின், அவர்களது பிள்ளைகள் வெள்ளத்தில் அகப்பட்டிருக்கமாட்டார்கள்.