சுவரில் யார்?

2008இல் அமெரிக்கக் கலைஞர் ஸ்டீவ் லாம்பேர்ட் 'அட்-ஆர்ட்' என்ற மென்பொருளை வெளியிட்டார். இணையப் பக்கத்தில் விளம்பரம் இருந்த இடத்தில் அது கலைப்படைப்பைக் காட்டியது. விரும்பியவர் மட்டும் தம் கணனியில் நிறுவிக்கொள்ளலாம்.

தெருச்சுவரில் அந்தத் தெரிவு இல்லை. 2019 நவம்பர் ஜனாதிபதித் தேர்தலின் பின் நாடெங்கும் இளைஞர்கள் சுவரொட்டிகளைச் சுரண்டி ஓவியம் தீட்டினார்கள். கண்டியிலும் பார்த்தேன். அழுக்கு நீங்கியதில் எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் மன்னர்களுக்கும் போர்வீரர்களுக்கும் நடுவே, கண்டி இராச்சியத்துக்குப் பொதிமாட்டுத் தவளங்களில் உப்பும் கருவாடும் கொண்டுவந்த முஸ்லிமைத் தேடினேன், காணவில்லை. திகன எரிந்து அப்போது இருபது மாதங்களே ஆகியிருந்தன.

விளம்பரம் என்னை வாடிக்கையாளனாகவாவது கண்டது. இந்த ஓவியங்கள் என்னைக் காணவேயில்லை.

தூரிகை பிடித்த பிள்ளைகளை மட்டும் நோவதில் நியாயமில்லை. அந்தத் தவளத்தை நம்மில் எத்தனை பேர் வரைந்திருக்கிறோம்?