ராப் பாட்டும் நம் பிள்ளைகளும்

ராப் என்று வழங்கும் பாட்டை இசையென ஒப்புக்கொள்வதா வேண்டாமா என்ற வழக்கு நம் பெரியவர்களிடையே இன்னும் தீர்ந்தபாடில்லை. தீர்ப்புக்குக் காத்திராமல் அது விழுப்புரத்துக் கல்லூரி மாணவரிடமும் திண்டிவனத்துப் பட்டறைப் பிள்ளைகளிடமும் குடியேறிவிட்டது. இவ்விரு ஊர்களுக்கும் இடையே ஓடும் பேருந்துகளில், இளைஞரின் செல்போன்களிலிருந்து கசியும் ஒலியைக் கேட்டாலே இது விளங்கும். கர்நாடக இசையும் கவ்வாலியும் நாகூர் ஹனிபாவின் கணீரென்ற குரலும் இருக்க, பாட்டா பேச்சா என்று பிரித்தறிய இயலாத ஒன்று இவர்களை ஏன் பற்றிக்கொண்டது?

மேனாட்டு மோகம் என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவோர் உளர். அவ்விடை நமக்குப் போதவில்லை. மோகமே காரணமாயின், ராக் இசையன்றோ முதலில் நம் ஊர்களில் வேரூன்றியிருக்க வேண்டும்? அது சென்னைக் கல்லூரி விழாக்களைத் தாண்டித் தெற்கே அதிகம் நடக்கவில்லை. மின்கிதாரும் முரசுத் தொகுதியும் ஆங்கிலமும் வேண்டிய கலை அது. ராப் அவ்வாறன்று. அதன் பிறப்பே வறுமையில். நியூயார்க் நகரின் பிராங்க்ஸ் பகுதியில் 1973 ஆகஸ்ட் 11 அன்று, ஜமைக்காவில் பிறந்த கூல் ஹெர்க் என்னும் இளைஞர் தம் தங்கை ஏற்பாடு செய்த கொண்டாட்டத்தில் இசைத்தட்டுகளைச் சுழற்றினார். பாட்டின் நடுவே தாளம் தனித்து ஒலிக்கும் அந்தச் சில நொடிகளுக்காகவே ஆடுவோர் காத்திருப்பதை அவர் கண்டிருந்தார். ஒரே இசைத்தட்டின் இரு படிகளை இரு சுழல்மேடைகளில் மாற்றி மாற்றி இயக்கி, அந்த நொடிகளை நிமிடங்களாக்கினார். நீண்ட தாளத்தின்மீது அடுக்கிச் சொல்லப்பட்ட சொற்கள் காலப்போக்கில் ராப் ஆயின. 2017இல் அமெரிக்காவில் ஹிப் ஹாப்பும் அதனோடு சேர்த்தெண்ணப்படும் ஆர் அண்ட் பி இசையும் ராக்கை முந்திவிட்டதாக நீல்சன் நிறுவனம் கணக்கிட்டுச் சொன்னது.

மலிவு மட்டுமே காரணமென்றும் சொல்வதற்கில்லை. நாற்று நடவுப் பாட்டு இதனினும் மலிவு. அதற்கு இசைத்தட்டும் வேண்டாம். உண்மைக் காரணம், பாட்டில் பேசுபவர் யார் என்பதிலேயே இருக்கிறது. திரைப்பாட்டில் கவிஞர் எழுதுகிறார், பாடகர் பாடுகிறார், நடிகர் வாயசைக்கிறார். அம்மூவருள் எவருடைய துயரமும் அதில் இருக்கவேண்டிய கட்டாயமில்லை. ராப்பில் எழுதியவரே சொல்கிறார். தம் தெருவின் பெயரோடும் தம் வட்டார வழக்கோடும் சொல்கிறார். மூன்று நிமிடத் திரைப்பாட்டில் பல்லவியும் இரு சரணங்களும் அடங்கும். அதே மூன்று நிமிடத்தில் ராப் அதைப்போல் பன்மடங்கு சொற்களை ஏற்றிச் செல்கிறது. சொல்வதற்கு நிறைய உள்ளவனுக்கு இதைவிட வாய்ப்பான வடிவம் ஏது?

தமிழ்ச் செவிக்கு இது புதிதுமன்று. இப்பகுதியின் தெருக்கூத்தில் கட்டியங்காரன் தாளத்தை விடாமல் பேசுவதும், ஊர் நடப்பை நையாண்டி செய்வதும் யாவரும் அறிந்ததே. தஞ்சைப் பக்கத்து லாவணியில் எரிந்த கட்சியும் எரியாத கட்சியும் விடிய விடிய மோதிக்கொண்டதற்கும், அமெரிக்க இளைஞர் இருவர் மேடையேறி ஒருவரையொருவர் சொல்லால் மடக்குவதற்கும் வேற்றுமை மிகுதியில்லை. செஞ்சிக் கோட்டையில் 1714இல் வீழ்ந்த தேசிங்கின் கதைப்பாடல், மணக்கோலத்தை விட்டெழுந்து நண்பனோடு களம் புகுந்த முஸ்லிம் வீரனையும் சேர்த்தே பாடிற்று. ஊரின் பெயரையும் குதிரையின் பெயரையும் விடாமல் சொல்லும் அந்தக் கதைப்பாடல் பழக்கம்தான், இன்று தெருவின் பெயரையும் பேருந்து எண்ணையும் சொல்கிறது. நம் சமுதாயத்தின் பங்கும் இதில் சிறிதன்று. ரமலான் இரவுகளில் தாயிரா கொட்டி சஹருக்கு எழுப்பும் பக்கீர்களின் பாட்டு, ஒரு குரலும் ஒரு தோற்கருவியும் மட்டுமே கொண்டது. காயல்பட்டினத்துக் காசிம் புலவர் திருப்புகழில் ஓடும் சந்தத்தை உரக்கப் படித்துப் பழகியவர்க்கு, ராப்பின் வேகம் மூச்சுமுட்டச் செய்யாது.

கலை நோக்கில் ஒரு குறையைச் சொல்லியே ஆகவேண்டும். ஆங்கில ராப் அடியிறுதி இயைபில் வாழ்கிறது. அம்மொழியில் அது தேடிப் பெறவேண்டியது, ஆகவே இனிக்கிறது. தமிழிலோ வினைமுற்று வாக்கியத்தின் இறுதியில் தானாக வந்து நிற்கும். வந்தேன், நின்றேன், சொன்னேன் என்று எவரும் இயைபு கட்டிவிடலாம். முயற்சியின்றிக் கிடைப்பதில் சுவை ஏது? நம் முன்னோர் எதுகையையும் மோனையையும் இறுகப் பற்றியது இதனால்தான் போலும். இன்றைய தமிழ் ராப்பர்களுள் பலர் இதனை உணராமல் ஆங்கில அச்சில் தமிழை வார்க்கின்றனர். கேட்ட மாத்திரத்தில் மறந்துபோவதற்கு அதுவே காரணம்.

தமிழில் இதன் வரலாறு பெரும்பாலும் திரையைச் சார்ந்தது. 1994இல் வெளிவந்த 'காதலன்' படத்தின் பேட்டை ராப்பைப் பாடியவர்களுள் ஒருவர் ஷாகுல் ஹமீது என்பதை நம் வாசகர் பலர் மறந்திருக்கக் கூடும். 2006இல் மலேசியத் தமிழர்களான யோகி பி குழுவினர் 'வல்லவன்' தொகுப்பின் மூலம், திரைப்படத்தின் துணையின்றியும் இது நிற்கும் என்று காட்டினர். 2011இல் கோவை ஆதியின் 'கிளப்புல மப்புல' இணையவழியே பரவியபோது, ஒழுக்கம் பேசுகிறது என்று நம்மவர் சிலரும் மகிழ்ந்தனர். குடிக்கும் ஆணை விட்டுவிட்டுப் பெண்ணை மட்டும் கூண்டிலேற்றும் ஒழுக்கத்தை நாம் பாராட்டுவதற்கில்லை. பிற்காலத்தில் மதுவையும் பகட்டையும் மெச்சும் பாட்டுகள் பெருகியதும் உண்மை. அவற்றை உலமாக்கள் கண்டிப்பதில் தவறில்லை. ஆனால் பாட்டின் பொருளைக் கண்டிப்பது வேறு, பாட்டின் வடிவத்தையே விலக்குவது வேறு. மணவிழாவில் தஃப் கொட்ட மார்க்கம் இடம் தந்திருக்கையில், தாளத்தோடு பேசுவது எவ்வாறு தகாததாகும்?

ராப்புக்கு முன்னோடியாகக் கருதப்படும் 'லாஸ்ட் போயட்ஸ்' குழு 1968இல் ஹார்லெமில் தோன்றியது. அதில் ஒலித்த வலிய குரல்களுள் ஒன்று ஜலாலுத்தீன் மன்சூர் நூரித்தீன் என்னும் முஸ்லிமுடையது. மாஸ் டெஃப் என்று அறியப்பட்டுப் பின்னர் யாசீன் பே ஆனவர், 1999இல் வெளியிட்ட தம் முதல் தனித்தொகுப்பை பிஸ்மில்லாவுடன் தொடங்கினார். நிறத்தால் ஒதுக்கப்பட்டோர்க்கு இஸ்லாமும் இந்த வடிவமும் ஒருசேரத் துணைநின்றன.

இங்கே நடந்தது என்ன? 2019 டிசம்பரில் குடியுரிமைத் திருத்தச் சட்டம் நிறைவேறிய நாட்களில் நம் ஊர்களிலும் மக்கள் வீதிக்கு வந்தனர். அச்சட்டத்தை எதிர்த்து வந்த பாட்டுகளுள் பலர் வாயிலும் நின்றது 'சண்ட செய்வோம்'. அதை ராப்பாகச் சொன்னவர் அரக்கோணத்தைச் சேர்ந்த அறிவு. 2021இல் 'எஞ்சாயி எஞ்சாமி'யில் தம் பாட்டி வள்ளியம்மாளின் வாழ்வையும், இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குச் சென்றோரின் துயரையும் உலகறியச் செய்தவரும் அவரே. 2022இல் சதுரங்க ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அப்பாட்டு அவரின்றியே மேடையேறிற்று. குரலுக்கு உரியவர் யார் என்ற கேள்வி அன்று நாடெங்கும் எழுந்தது.

அதே கேள்வியை நம் பக்கம் திருப்பினால் விடை கசக்கிறது. நமக்காகப் பேசிய வலிமையான பாட்டை நம் பிள்ளைகள் எழுதவில்லை. தலித் இளைஞர் ஒருவர் எழுதித் தந்தார். அவருக்கு நன்றி கூறுவது நம் கடன். நம் பிள்ளைகளுக்குச் சொல்ல ஏதுமில்லை என்பதன்று. திண்டிவனத்திலும் செஞ்சியிலும் வீட்டில் தக்கனி உருதும் தெருவில் தமிழுமாக வளர்கிறவர் பலர். தமிழ்க் கவியரங்கில் அவர்தம் உருதுக்கு இடமில்லை. முஷாயிராவில் தமிழுக்கு இடமில்லை. இரண்டையும் ஒரே மூச்சில் பேசத் தடையில்லாத வடிவம் ராப் ஒன்றே. மீலாது விழாக் கவியரங்கில் பத்து நிமிடம் ஒதுக்கி, தாயிரா கொட்டுகிற பக்கீர் ஒருவரையும் இவ்விளைஞரையும் ஒரே மேடையில் அமர்த்துவதற்கு எந்த ஜமாஅத் முதலில் முன்வரும்?