பாகான் செராயில் ஒரு சூசைப்பாளையம்

ரயில் பாகான் செராயில் நின்றதும் நான் எழுந்த வேகத்தில் தண்ணீர் பாட்டில் உருண்டு எதிர் சீட்டுக்கு அடியில் போய்விட்டது. போகட்டும் என்று விட்டுவிட்டேன். பட்டர்வொர்த்தில் ஏறியதிலிருந்தே ஜன்னலை விட்டுக் கண்ணை எடுக்காதவன் நான். நிபோங் திபால், பாரிட் புந்தார் என்று ஒவ்வொரு பலகையாக எண்ணிக்கொண்டு வந்தவன். நாற்பத்தைந்து வயசு ஆள், ஓசூர் சிப்காட்டில் ஷிப்டு பார்க்கிறவன், பள்ளிக்கூடச் சுற்றுலாப் பையன் மாதிரி பிளாட்பாரத்தில் குதித்தேன். எனக்கு வெட்கமே இல்லை. ஏனென்றால் நான் பார்க்க வந்த இடத்தின் பெயர் சூசைப்பாளையம்!

வாய்விட்டு ஒருமுறை சொல்லிப் பாருங்களேன். சூசைப்பாளையம். திண்டுக்கல் பக்கமோ ஈரோட்டுப் பக்கமோ பஸ் கண்டக்டர் கத்த வேண்டிய பெயர். அது கடல் தாண்டி, மலேசியாவின் பேராக் மாநிலத்தில், கிரியான் மாவட்டத்து நெல்வயலுக்கு நடுவில் இருக்கிறது! போர்த்துக்கீசியர் வாயில் ஜோசே என்று வந்த யோசேப்பை நாம் சூசை ஆக்கினோம், சூசையை அப்பர் ஆக்கினோம், அந்த அப்பரைத் தூக்கிக்கொண்டு கப்பலேறி, போன இடத்தில் இறக்கிவைத்து ஒரு பாளையமே கட்டிவிட்டார்கள் நம் ஆட்கள்.

வருஷம் 1882. மனசில் நிறுத்திப் பாருங்கள். அப்போது அங்கே பால்மரத் தோட்டமே கிடையாது. மலாயாத் தமிழர் என்றதும் ரப்பர் காடும் பால்வாளியும்தானே நம் கண்ணுக்குத் தெரியும்? அதற்கெல்லாம் பத்துப் பதினைந்து வருஷம் முந்தின கதை இது. அந்த வட்டாரத்தில் கரும்புத் தோட்டம்தான். ஒப்பந்தக் கூலியாக வந்தவன் லயத்தில் தூங்கி, மணியடித்தால் எழுந்து, கடன் தீர்ந்தால் ஊர் திரும்புவான், இல்லையென்றால் அங்கேயே மண்ணாவான். பெரும்பாலும் ஒற்றை ஆளாக வந்த ஆண்கள். அந்தக் காலத்தில் ரெனே ஃபே என்று ஒரு பிரெஞ்சுச் சாமியார், பாரிஸ் அந்நிய வேதபோதக சபைக்காரர், தமிழ் கற்றுக்கொண்டு தமிழர்களோடே பழகினவர், என்ன செய்தார் தெரியுமா? கூலி லயம் வேண்டாம், குடும்பம் குடும்பமாகக் குடியேறுங்கள், காட்டை வெட்டி நிலத்தைத் திருத்துங்கள், உழுது பிழையுங்கள், நடுவில் கோயில் இருக்கட்டும் என்று தமிழ்க் கத்தோலிக்கருக்கென்று ஒரு ஊரையே தொடங்கிவிட்டார்!

பாதுகாவலராக யாரை வைத்தார்கள் என்பதில்தான் எனக்குப் புல்லரிக்கிறது. சூசையப்பரை அகில உலகத் திருச்சபைக்கும் பாதுகாவலர் என்று ஒன்பதாம் பத்திநாதர் அறிவித்தது 1870-இல், அதாவது பன்னிரண்டே வருஷம் முன்னால்தான். தச்சர், கைவேலைக்காரர். ராத்திரியோடு ராத்திரியாக மனைவியையும் கைக்குழந்தையையும் கூட்டிக்கொண்டு எகிப்துக்குப் போய்ப் பிழைத்த குடும்பஸ்தர். குடிபெயர்ந்தவர்களுக்கு இவரை விட்டால் வேறு யார்?

இது ஏன் என்னை இந்த ஆட்டு ஆட்டுகிறது என்றால், நானும் அப்படி ஒரு பங்கின் பிள்ளை. அப்பா எண்பதுகளில் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து ஓசூருக்குத் தகரப்பெட்டியும் அம்மாவுமாக வந்தவர். எங்கள் கோயிலில் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வாசலில் நின்றால் நாகர்கோவில் தமிழ், திண்டுக்கல் தமிழ், வேலூர்த் தமிழ் என்று காதில் விழும், நடுவில் யாரோ தெலுங்கில் குழந்தையை அதட்டுவார்கள், கன்னடத்தில் காய் விலை பேசுவார்கள். எல்லாரும் வந்தவர்கள். 1997-இல் தர்மபுரி மறைமாவட்டம் பிறக்கும்வரை சேலம் மறைமாவட்டத்துக்குக் கீழே இருந்தோம். நான் பூசைக்கு உதவியது, பாடற்குழுவில் பாடியது, என் கல்யாணம் எல்லாம் அந்தக் கோயிலில்தான். எங்களுக்கு நூறு வருஷம் முன்னாலேயே இதைச் செய்தவர்கள் இருக்கிறார்கள் என்று தெரிந்த நாளிலிருந்து எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.

ஸ்டேஷனிலிருந்து சூசைப்பாளையம் போகிற வழியெல்லாம் வயல், வயல், வயல். வாய்க்கால் ஓரத்தில் கொக்கு. மத்தியான வெயில் கொஞ்சம் கடுமைதான், அதை விடுங்கள். 1906-இல் முடிந்த கிரியான் பாசனத் திட்டம், புக்கிட் மேராவில் தேக்கிய நீர், அதனால் பேராக்கின் நெற்களஞ்சியமான மண் இது. ஆனால் நம்மவர்கள் வந்து இறங்கியபோது அந்த வாய்க்கால் வர இன்னும் இருபத்து நான்கு வருஷம் இருந்தது. சதுப்பும் கொசுவும் மழையும் மட்டும் இருந்த இடத்தில் ஒரு பெண் பச்சைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஈர விறகை ஊதி அடுப்பு மூட்டுவதை நினைத்துப் பாருங்கள்! ஃபே சாமியார் 1896-இல் மலாக்கா ஆயராகிவிட்டார், 1904-இல் போயும் சேர்ந்துவிட்டார். அந்தக் குடும்பங்கள் இருந்துவிட்டன.

மறுநாள் ஞாயிறு காலைப் பூசைக்கு முதல் ஆளாகப் போய் உட்கார்ந்தேன். வருகைப்பாட்டு தொடங்கியது பாருங்கள், ஐயோ, நான் பத்து வயசில் பாடிய அதே பாட்டு, அதே மெட்டு, ஆனால் இழுப்பு மட்டும் வேறே, இரண்டாம் அடியில் நாங்கள் நிறுத்துகிற இடத்தில் இவர்கள் நிறுத்தாமல் வழுக்கிக்கொண்டு போகிறார்கள், நான் என் ஓசூர்ப் பழக்கத்தில் நிறுத்த, முன்வரிசைப் பாட்டி திரும்பிப் பார்க்க, எனக்குக் கண்ணில் பொலபொலவென்று தண்ணீர், துடைக்கத் துடைக்க வருகிறது, கைக்குட்டை அறையில், சட்டைக் கையால் துடைத்துக்கொண்டு, அடுத்த சரணத்தில் அவர்களோடு சேர்ந்து நானும் வழுக்கினேன், பெஞ்சில் பக்கத்தில் இருந்த சிறுவன் பாட்டுப் புத்தகத்தை என் பக்கம் நகர்த்தினான்.

பூசை முடிந்ததும் அந்தப் பாட்டி நேராக வந்தார். "எங்கேருந்து வர்றீங்க தம்பி? பசியாறிட்டீங்களா?"

பசியாறிட்டீங்களா! நாம் டிபன் ஆச்சா என்று கேட்பதை இவர்கள் இன்னும் இப்படிக் கேட்கிறார்கள். எனக்கு அதுவே வயிறு நிறைந்துவிட்டது. பாட்டி கையிலிருந்த ஜெபப்புத்தகத்தைக் காட்டினார். அட்டை போய், காக்கித் துணி வைத்துத் தைத்திருந்தது. முனைகள் எண்ணெய்க் காகிதம் போல மினுமினுத்தன. அவருடைய அம்மாவின் புத்தகம். அதில் ஒரு பக்கம் மட்டும் மற்றவற்றைவிடக் கறுத்துத் தேய்ந்து கிடந்தது, புனித சூசையப்பர் பிரார்த்தனை.

அதைச் சொல்லத்தான் நாலைந்து பெரியவர்கள் சுரூபத்துக்கு முன்னால் கூடினார்கள். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. போனை எடுத்து அப்பாவை அழைத்தேன். சூசைப்பாளையத்தில் காலை பத்து, ஓசூரில் ஏழரை. "அப்பா, கேளுங்க," என்று மட்டும் சொல்லிவிட்டு ஸ்பீக்கரைப் போட்டேன். பாட்டி முன்னால் சொல்ல, மற்றவர்கள் பதில் சொன்னார்கள். மூன்றாவது வரியில் போனுக்குள்ளிருந்து அப்பாவின் குரலும் பதில் சொன்னது. காலத்துக்கும் இயந்திரச் சத்தத்தில் கத்திப் பேசிப் பழகிய குரல். எல்லாருக்கும் கேட்டது. யாரும் நிறுத்தவில்லை, கடைசி வரைக்கும் அவரையும் சேர்த்துக்கொண்டே சொன்னார்கள்.

"யாரு அது?" என்றார் பாட்டி, சிலுவை போட்டுக்கொண்டே.

"எங்கப்பா, பாட்டி. ஓசூர்லேருந்து."

"பசியாறிட்டாரான்னு கேளுங்க."