கோப்பி இலையும் கண்ணாடித் துண்டும்

விஞ்ஞானக் கட்டுரைகளை விமர்சனம் செய்வது நம் பத்திரிகைகளில் பெருவழக்கன்று. ஆயினும், கோப்பி இலைநோய்ப் பூஞ்சணத்தைக் குறித்து மார்ஷல் வார்ட் 1882இல் வெளியிட்ட ஆராய்ச்சி மலையக வரலாற்றோடு பிணைந்தது. ஆதலின் அதனை நாம் புறக்கணித்தல் தகாது.

வார்ட் செல்வர் வீட்டுப் பிள்ளையல்லர். இசைக்கலைஞர் ஒருவரின் மகன்; பதினான்கு வயதில் பள்ளியை விட்டவர். மாலை வகுப்புகளும், தென் கென்சிங்டனில் ஹக்ஸ்லியிடம் பெற்ற பயிற்சியும், உபகாரச் சம்பளமுமே அவரைக் கேம்பிரிட்ஜில் சேர்த்தன. 1880இல் அரசாங்க ஆராய்ச்சியாளராக அவர் இலங்கைக்கு வந்தபோது வயது இருபத்தாறு நிரம்பியிருந்தால் அதிகம்.

ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ் என்று அப்பூஞ்சணத்துக்கு 1869இலேயே பெயரிட்டாயிற்று. பெயர் தெரிந்தால் உயிரி தெரிந்ததாகுமா? வார்ட் கிளிசரின் பூசிய கண்ணாடித் துண்டுகளைக் காற்றில் தொங்கவிட்டார். நோயின் வித்திகள் வந்து ஒட்டின. ஈர இலையில் அவை முளைப்பதையும், இலையின் அடிப்புறத்து நுண்துளைகள் வழியே உள்நுழைவதையும் படிப்படியாகக் கண்டறிந்தார். கண்டதற்கு அப்பால் ஓரடியும் வைக்காத அந்த நிதானமே அவர் எழுத்தின் வலிமை.

உயிரியை அறிந்தவர் நிலத்தையும் நோக்கினார். மலை மலையாக ஒரே பயிரை நெருக்கி நட்டதே நோய்க்கு விருந்து வைத்தது என்று உணர்ந்தார். தோட்டத்துரைமார் எதிர்பார்த்ததோ மருந்து! அது அவரிடம் இல்லை. 1882இல் அவர் திரும்பினார். சில ஆண்டுகளில் கோப்பி அழிந்தது. அட்டன், திம்புள்ளைச் சரிவுகளில் தேயிலை பரவியது. பயிர் மாறிற்று, ஒற்றைப்பயிர் முறை மாறவில்லை. 1946இல் காற்றோடு பரவும் கொப்புள நோய் தேயிலையின் இளங்கொழுந்தையே பற்றியது.

பூஞ்சணத்தின் வாழ்க்கையை எழுத வந்தவரிடம் தொழிலாளியின் வாழ்க்கையைக் கேட்பது முறையன்று. ஆனால் மன்னாரில் கரையேறி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்து வந்த மக்களை மறந்து, கோப்பியின் வீழ்ச்சியைத் துரைமாரின் நட்டக்கணக்காக மட்டும் எழுதும் வரலாற்றை நாம் எங்ஙனம் ஏற்பது? அவ்வீழ்ச்சி அவர்களுடைய வயிற்றிலும் அடித்ததன்றோ?

வார்ட்டின் வரலாற்றை ‘மேதையின் கதை’ என்று மாணவருக்குச் சொல்வதும் பிழையே. மாலை வகுப்பின் கதவு அடைத்திருந்தால் அந்த மேதை எங்கே போயிருப்பார்? தலவாக்கலையில் தேயிலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. கொப்புளம் கண்ட கொழுந்தை நாள்தோறும் விரலால் தொட்டறியும் தாய்மாரும் அதே மலைகளில்தான் இருக்கின்றனர். லயத்துப் பிள்ளை அந்த நிலையத்துள் ஆராய்ச்சியாளராக நுழைய வேண்டுமானால், தோட்டப் பள்ளியில் ஒரு நுணுக்குக்காட்டி வேண்டும். தாய்மொழியில் விஞ்ஞானம் கற்பிக்கும் ஆசிரியர் வேண்டும். பதினான்கு வயதில் படிப்பை விட்டவனுக்கும் விட்டவளுக்கும் மீண்டும் ஒரு வகுப்பு வேண்டும். ஆசிரியத் தோழர்கள் இவற்றைச் சலுகையாகக் கேட்க வேண்டியதில்லை, உரிமையாகவே கேட்கலாம்.