அவருடைய பேக்ஹேண்ட் எப்படி?

துளசிமதி முருகேசனைத் தெரியுமா என்று கேட்டால் உங்களில் பாதிப் பேர் தெரியும் என்பீர்கள். காஞ்சிபுரத்துப் பெண். பாரிஸ் பாராலிம்பிக்கில் பேட்மின்டனில் வெள்ளி வாங்கினாரே! அப்பா கூலி வேலைக்குப் போய்க்கொண்டே மகளுக்கு ஆட்டமும் சொல்லிக் கொடுத்தாரே! எந்தக் கையில் பிரச்னை என்பதைக்கூடச் சிலர் சரியாகச் சொல்லிவிடுவீர்கள். சரி, அடுத்த கேள்வி. அவருடைய பேக்ஹேண்ட் எப்படி?

முழிக்கிறீர்கள். முழிக்கத்தான் வேண்டும். அதை யாரும் உங்களுக்குச் சொல்லவே இல்லையே.

பி.வி.சிந்து ஒரு மேட்ச் தோற்கட்டும். மறுநாள் காலை வாக்கிங் போகிற அங்கிள் தொடங்கி ஆபீஸ் கேன்டீன் வரை ஆளாளுக்கு ஒரு கருத்து இருக்கும். நெட்டில் சொதப்புகிறார், மூன்றாவது கேமில் கால் ஓய்ந்துவிடுகிறது, கோச்சை மாற்றியிருக்கக் கூடாது... அதில் முக்கால்வாசி உளறல்தான். ஆனாலும் ஒரு ஆட்டக்காரருக்கு ஊர் கொடுக்கிற மரியாதை அந்த உளறலில்தான் இருக்கிறது. துளசிமதி தோற்றால்? 'பரவாயில்லம்மா, நீ ஜெயிச்ச மாதிரிதான்' என்று கன்னத்தைத் தட்டிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறோம். திட்டு வாங்குகிற உரிமைகூட அவருக்கு இல்லை.

ஆசிய பாரா விளையாட்டுப் போட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். சீனாவின் ஹாங்சோ நகரத்தில் 2022-ல் நடந்திருக்க வேண்டியது. கொரோனாவால் தள்ளிப்போய் 2023 அக்டோபரில் நடந்தது. இந்தியாவுக்கு மொத்தம் 111 பதக்கங்கள், அதில் 29 தங்கம். 111 என்ற எண் அழகாக இருந்ததால் எல்லோரும் அதைப் பெரிய எழுத்தில் போட்டார்கள். உள்ளே இருந்த ஆட்டங்கள் எங்கே போயின என்று தெரியவில்லை.

அந்த 29-ல் ஒன்று துளசிமதியுடையது. எஸ்.யூ.5 என்கிற பிரிவின் ஒற்றையர் ஃபைனல். கையில் குறைபாடு உள்ளவர்கள் நின்று ஆடுகிற பிரிவு இது. எதிரே சீனாவின் யாங் சியூஷியா. சொந்த நாடு, சொந்தக் கூட்டம். போதாததற்கு, டோக்கியோ பாராலிம்பிக்கில் தங்கம் வாங்கியவர். துளசிமதி ஜெயித்தது 21-19, 21-19.

நான் பி.காம். எதைப் படித்தாலும் முதலில் டேலி ஆகிறதா என்று பார்க்கிற புத்தி. கூட்டிப் பாருங்கள். மொத்தம் 80 பாயின்ட் ஆடியிருக்கிறார்கள். துளசிமதிக்கு 42, யாங்குக்கு 38. நாலே நாலு பாயின்டில் ஆசியாவின் தங்கம் கை மாறியிருக்கிறது. இரண்டு கேமுமே 19 வரை போயிருக்கின்றன என்றால் அந்த அரங்கத்தில் எத்தனை பேர் நகத்தைக் கடித்துத் துப்பியிருப்பார்கள்!

இப்போது பேரேட்டின் அடுத்த பக்கம். 2024 செப்டம்பர் 2, பாரிஸ். அதே இரண்டு பேர், பாராலிம்பிக் ஃபைனல். இந்தத் தடவை யாங் 21-17, 21-10. நாலு பாயின்ட் லாபம் பத்தே மாதத்தில் பதினைந்து பாயின்ட் நஷ்டமாகியிருக்கிறது. ஒரு கம்பெனியின் கணக்கு இப்படி மாறினால் ஆடிட்டர் சும்மா விடுவாரா? யாங் தன் ஆட்டத்தை மாற்றிக்கொண்டாரா? ஹாங்சோவில் வேலை செய்த ஏதோ ஒன்று பாரிஸில் எடுபடவில்லையா? முந்தின நாள் செமிஃபைனல் காலை வாங்கிவிட்டதா? இல்லை, யாங் எப்போதுமே ஒரு படி மேல்தான், ஹாங்சோதான் விதிவிலக்கா? விளையாட்டுப் பக்கம் என்று ஒன்று இருப்பதே இதையெல்லாம் கேட்கத்தான். தமிழில் நான் தேடிப் படித்தவற்றில் பெரும்பாலும் குடும்பக் கஷ்டம் இரண்டு பத்தி, வாழ்த்து ஒரு பத்தி, பரிசுத்தொகை ஒரு வரி. ஸ்கோர் இருந்தால் அதிர்ஷ்டம்.

அந்த செமிஃபைனல் இன்னும் வயிற்றெரிச்சல். துளசிமதிக்கு எதிரே ஆடியவர் மனிஷா ராமதாஸ். திருவள்ளூர்ப் பெண், 2022-ன் உலக சாம்பியன். காஞ்சிபுரத்துக்கும் திருவள்ளூருக்கும் பாரிஸில் செமிஃபைனல்! 23-21, 21-17 என்று துளசிமதி ஜெயித்தார். இதுவே ஐ.பி.எல்.லாக இருந்தால் ஒரு வாரத்துக்கு முன்பே மீம்ஸ் பறந்திருக்கும். இங்கே 'எப்படியும் ஒரு பதக்கம் நமக்கு உறுதி' என்கிற கணக்கோடு விஷயம் முடிந்தது. மனிஷா மறுநாள் டென்மார்க் வீராங்கனையை 21-12, 21-8 என்று துவைத்து வெண்கலம் வாங்கினார். உலக சாம்பியன் ஒருவர் செமிஃபைனலில் தோற்றிருக்கிறார், அந்த முதல் கேமை 21-ல் விட்டது ராத்திரி முழுக்க உறுத்தியிருக்காதா என்று யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

இந்த வியாதி பேட்மின்டனோடு நிற்கவில்லை. போன முறை ஏற்காடு போயிருந்தபோது ஒண்டிக்கடை பக்கம் டீ குடித்துக்கொண்டிருந்தேன். பேச்சு எப்படியோ மாரியப்பன் தங்கவேலுவிடம் வந்தது. பெரியவடகம்பட்டிக்காரர், இதே சேலம் மாவட்டம். டீக்கடைப் பெரியவருக்கு எல்லாம் அத்துப்படி. "அந்தத் தம்பிக்கு அஞ்சு வயசுல பஸ்ஸு ஏறிடுச்சுங்க சார். அம்மா காய்கறி வித்துத்தான் காப்பாத்துனாங்க" என்று ஆரம்பித்துப் பரிசுப் பணம் வரை மூச்சுவிடாமல் சொன்னார். "எவ்வளவு உயரம் தாண்டினாருங்க?" என்று கேட்டேன். கிளாஸைக் கழுவுவதை நிறுத்திவிட்டு யோசித்தார். "நல்ல உசரந்தாங்க சார்" என்றார்.

அவர் மேல் தப்பே இல்லை. பத்திரிகையும் டி.வி.யும் அவருக்குக் கொடுத்தது அவ்வளவுதான். ஆனால் அந்த உயரத்தில் ஒரு நல்ல கதை இருக்கிறது. ரியோவில் 2016-ல் 1.89 மீட்டர், தங்கம். டோக்கியோவில் 1.86, வெள்ளி. பாரிஸில் 1.85, வெண்கலம். மூன்று பாராலிம்பிக், மூன்று பதக்கம், மொத்தமாகக் குறைந்தது நாலு சென்டிமீட்டர். 'ஆள் டல்லாகிவிட்டார்' என்று அவசரப்படாதீர்கள். பாரிஸுக்கு மூன்று மாதம் முன்பு ஜப்பானின் கோபேயில் 1.88 தாண்டி உலக சாம்பியன் ஆனவர். அதே பாரிஸில் தங்கம் வாங்கிய அமெரிக்கப் பையன் எஸ்ரா ஃப்ரெச் தாண்டியது 1.94. ரியோவில் யாரும் கனவு காணாத உயரம். போட்டி அந்த அளவுக்கு இறுகிவிட்டது. அதற்கு நடுவில் ஒரு மனிதர் எட்டு வருஷமாக மேடையை விட்டு இறங்காமல் நிற்கிறார். பஸ் ஏறிய கதையைப் போலவே இதையும் டீக்கடை வரை கொண்டுபோயிருக்கலாமே?

அன்று சாயங்காலம் நாங்கள் தங்கியிருந்த காட்டேஜ் புல்வெளியில் பிள்ளைகள் ஷட்டில் ஆடிக்கொண்டிருந்தார்கள். ஏற்காடு 1,500 மீட்டர் உயரம். காற்றின் அடர்த்தி குறைவு, அதனால் கீழே சேலத்தில் அடிக்கிற அதே அடிக்கு இங்கே காக் கூடுதலாகப் பறக்கும். (மலையூர்களில் ஆடுவதற்கென்றே மெதுவாகப் போகிற காக் விற்கிறார்கள், டப்பாவில் வேக நம்பர் போட்டிருக்கும்.) போதாததற்கு மலைக்காற்று வேறு. அரை மணி நேரத்தில் நாலு காக் காப்பிச் செடிகளுக்குள் போய்விட்டது. ஒரு பையன் ஒரு கையில் செல்போனைப் பிடித்துக்கொண்டே ஸ்மாஷ் அடிக்கப் போய்க் குப்புற விழுந்தான். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு எஸ்.யூ.5 ஞாபகம் வந்தது.

ஐந்து கிராம் எடையுள்ள இறகுப்பந்தை அடிப்பதற்கு ஒரு கை போதாதா என்று நினைப்போம். ஸ்மாஷ் அடிப்பவரின் இன்னொரு கையைப் பாருங்கள். ராக்கெட் இல்லாத கை மேலே எழுந்து காக்கைக் குறி பார்க்கும். அடிக்கும் நொடியில் சரக்கென்று கீழே இறங்கி உடம்பைத் திருப்பும். பேலன்ஸ் அங்கேதான் இருக்கிறது. சர்வீஸுக்கும் காக்கைப் பிடித்துக்கொள்வது அந்தக் கைதான். அது முழுசாக ஒத்துழைக்காதபோது அந்த பேலன்ஸை இடுப்பிலோ, பாதத்திலோ, அடியெடுத்து வைக்கிற கணக்கிலோதான் தேடிக்கொள்ள வேண்டும். கோர்ட் முழுக் கோர்ட், நெட் அதே ஐந்தடி. சலுகை கிடையாது. ஒருவர் இதை எப்படிச் சமாளிக்கிறார் என்று பார்ப்பதுதான் இந்தப் பிரிவின் சுவாரசியமே.

ஒவ்வொரு பிரிவும் கிட்டத்தட்ட வேறு ஆட்டம். எஸ்.எல்.3 என்பது காலில் கடுமையான குறைபாடு உள்ளவர்களுக்கு. ஒற்றையரில் பாதிக் கோர்ட்தான், அதாவது அகலத்தில் பாதி. நீளம் முழுசாக உண்டு. பக்கவாட்டில் ஓடவிட்டு ஜெயிக்கிற வழியே அடைபட்டுவிடுகிறது. முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று எதிராளியை இழுத்து இழுத்துத்தான் களைக்கடிக்க முடியும். செஸ் மாதிரி. பாரிஸில் நிதேஷ் குமார் தங்கம் வாங்கிய ஃபைனல் ஒரு மணி இருபது நிமிஷம் போனது: 21-14, 18-21, 23-21. வீல்சேர் ஒற்றையரும் பாதிக் கோர்ட்தான். ஆனால் அங்கே நெட்டுக்கும் முன்கோட்டுக்கும் நடுவில் காக் விழுந்தால் அவுட். ஆகவே சின்னதாகத் தட்டி ஏமாற்றுகிற வேலை நடக்காது. எஸ்.ஹெச்.6 உயரம் குறைந்தவர்களுக்கு. நெட்டைக் கொஞ்சமும் தாழ்த்துவதில்லை, கோர்ட்டையும் குறைப்பதில்லை. நம் ஓசூரின் நித்ய ஸ்ரீ ஹாங்சோவில் வெண்கலம் வாங்கியதும் பாரிஸில் வெண்கலம் வாங்கியதும் அந்த நெட்டுக்கு மேலே அடித்துத்தான். இந்த விதிகளைச் சொல்ல எனக்கு ஒரு பத்திதான் செலவானது. கண்ணீர்ப் பின்னணி இசைக்கு ஒதுக்குகிற நேரத்தில் ஒரு டி.வி. சேனல் இதைப் படம் போட்டே காட்டிவிடலாம்.

'கஷ்டத்தைச் சொல்லாமல் எப்படிய்யா எழுதுவது? அதைப் படித்துத்தானே நாலு பேர் உதவுகிறார்கள்' என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பாரிஸ் முடிந்ததும் தமிழக அரசு துளசிமதிக்கு 2 கோடியும் மனிஷா, நித்ய ஸ்ரீ, மாரியப்பனுக்கு ஆளுக்கு 1 கோடியும் கொடுத்தது. சந்தோஷம். மூன்று பெண்களுக்கும் அர்ஜுனா விருதும் வந்தது. கொடுக்க வேண்டியதுதான். ஆனால் அதெல்லாம் ஜெயித்த பிறகு வருகிற வரவு. ஜெயிப்பதற்கு முன் மாவட்டத்துக்கு ஒரு ஒழுங்கான கோர்ட், பிரிவு பிரிவாகப் போட்டி, பார்க்க வருகிற கூட்டம், ஆட்டத்தைப் புரிந்து எழுதுகிற ஒரு நிருபர் இதெல்லாம் வேண்டும். இரக்கப்பட்டவர் ஒரு தடவை செக் கிழித்துக் கொடுப்பார். ஆட்டம் பிடித்துப்போனவர்தான் அடுத்த மேட்ச் எப்போது என்று கேட்பார்.

வார்த்தையை நாம் மாற்றிவிட்டோம். 'ஊனமுற்றோர்' போய் 'மாற்றுத்திறனாளி' வந்து எத்தனையோ வருஷமாகிறது. நல்ல மாற்றம்தான். ஆனால் பழைய வாக்கியத்தில் புது வார்த்தையைச் செருகிவிட்டு அப்படியே ஓட்டிக்கொண்டிருக்கிறோம். அந்தத் திறன் என்ன, எது மாறியிருக்கிறது என்று ஒருத்தரும் ஒரு வரி எழுதக் காணோம். துளசிமதி பாரிஸ் போனபோது நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி மாணவி. மாட்டுக்கு வைத்தியம் படித்துக்கொண்டே உலகத்தின் இரண்டாவது இடத்துக்கு ஆடுகிறார். பிராக்டிஸுக்கு எப்போது நேரம் கிடைத்தது, பரீட்சையும் போட்டியும் ஒரே வாரத்தில் வந்தால் என்ன செய்தார் என்று கேட்டால் அதுவே ஒரு நல்ல பேட்டி. மைக்கை நீட்டியவர்கள் அவருடைய கையைத்தான் பார்த்தார்கள்.

பாரிஸ் ஆட்டங்களின் வீடியோ யூட்யூபில் கிடைக்கிறது. துளசிமதி - மனிஷா செமிஃபைனலைத் தேடிப் பாருங்கள். முழுசாகப் பார்க்கப் பொறுமை இல்லையென்றால் 23-21 என்று முடிந்த அந்த முதல் கேமை மட்டுமாவது. காமென்டரியை ம்யூட்டில் போட்டுவிடுங்கள். துளசிமதியின் பேக்ஹேண்ட் பிடிக்கவில்லை என்றால் தாராளமாகக் குறை சொல்லி எனக்கு எழுதுங்கள்.