எழுபது ஆண்டு வாக்கு

கி.பி. 200ஐ ஒட்டி, வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகரில் தெர்த்துல்லியன் பொறுமையைப் பற்றி ஒரு சிறுநூல் எழுதினார். தன்னிடம் அந்தக் குணம் கிடையாது என்பதை எடுத்த எடுப்பிலேயே ஒப்புக்கொள்கிறார். நோயாளி உடல்நலத்தைப் புகழ்வதுபோலத்தான் தன் பேச்சும் என்கிறார். அவருடைய மற்ற நூல்களைப் படித்தவர்கள் இதை வெறும் அவையடக்கம் என்று நினைக்க மாட்டார்கள். மனிதர் அவ்வளவு சண்டைக்காரர். ஆனால் அவர் போட்ட அடித்தளம் உறுதியானது. பொறுமை முதலில் கடவுளின் குணம். நல்லவர், தீயவர் இருவர்மேலும் சூரியனை உதிக்கச் செய்பவரிடம் மனிதர் அதைக் கற்கிறார்கள். அதே நகரின் ஆயர் சிப்ரியான் 256இல் இதே பொருளில் எழுதினார். 258இல் விசுவாசத்துக்காகத் தலை வெட்டப்பட்டு இறந்தார். பின்னர் அகஸ்தீனும் எழுதினார். ரோமப் பேரரசில் திருச்சபை வளர்ந்த விதத்தை ஆராய்ந்த ஆலன் கிரைடர், 2016இல் வெளிவந்த தன் நூலில் இந்த எழுத்துகளையே சான்றாக எடுக்கிறார். ஆட்களைச் சேர்க்கும் வழிமுறைகளைப் பற்றி அக்காலத்தவர் நூல் எழுதவில்லை, பொறுமையைப் பற்றி எழுதினார்கள் என்பது அவருடைய வாதம்.

லூத்தரிடம் வரும்போது அழுத்தம் வாக்குத்தத்தத்தின் மேல் விழுகிறது. 1520இல் திருச்சபையின் பாபிலோனியச் சிறையிருப்பு பற்றி அவர் எழுதிய நூலில், வாக்குத்தத்தம் இல்லாத இடத்தில் விசுவாசத்துக்குப் பிடிமானமே இல்லை என்று வாதிட்டார். லூத்தரின் சீர்திருத்தத் திருப்பமே இங்குதான் இருக்கிறது என்று ஆஸ்வால்ட் பேயர் 1971இல் விரிவாக எழுதினார்.

அடுத்து வந்த ஜெர்மன் பக்தி இயக்கம் இதை வீட்டுக்குள் கொண்டுவந்தது. ஆண்டின் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வசனமும் தியானமும் கொண்ட பொகாட்ஸ்கியின் நூல் 1718இல் வெளிவந்தது. ஹெர்ன்ஹூட் கிராமத்தில் 1728 மே 3 அன்று மொராவிய சபையாரின் தலைவர் சின்சன்டார்ஃப் மறுநாளுக்கென ஒரு வாசகம் கொடுத்தார். 1731 முதல் அந்த வாசகங்கள் ஆண்டுதோறும் நூலாக வருகின்றன. சீட்டெடுத்தே வசனம் தேர்கிறார்கள். ஆனால் அது ஊருக்கே பொதுவான வசனம். தனி ஆளுக்குக் கிடைத்த அதிர்ஷ்டமாக அதை யாரும் எண்ணவில்லை. அந்த மொராவிய சபையார் 1760இல் தரங்கம்பாடிக்கும் வந்தார்கள்.

நம் சபைகளில் டிசம்பர் 31 நள்ளிரவு ஆராதனை முடிந்ததும் தட்டில் வரும் வாக்குத்தத்த அட்டைகள் அந்த வழக்கத்தின் நேர் வாரிசு என்று நான் சொல்ல வரவில்லை. சாயல் இருக்கிறது, வேறுபாடு பெரிது. இங்கே அட்டை எனக்கு, இந்த ஆண்டுக்கு. கண்டிப்பும் எச்சரிக்கையும் உள்ள வசனங்கள் அந்தத் தட்டில் வருவதே இல்லை.

அட்டைகளில் பலருக்கும் பிடித்தது எரேமியா 29:11. கடவுளிடம் இருப்பவை சமாதானத்துக்கான நினைவுகள், தீமைக்கானவை அல்ல என்ற உறுதி. அதற்கு முந்தைய வசனம் எழுபது ஆண்டுக் கணக்கு சொல்கிறது. கி.மு. 597இல் பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எருசலேமிலிருந்து எழுதிய கடிதம் அது. அதைக் கேட்டபோது முப்பது வயதிலிருந்த ஒருவர் ஊர் திரும்பும் நாளைப் பார்க்கப் போவதில்லை. வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்துவையுங்கள், சிறைபிடித்த நகரத்தின் நலனுக்காக ஜெபியுங்கள் என்றும் கடிதம் சொல்கிறது. முந்தைய அதிகாரத்தில் வேறொரு தீர்க்கதரிசி வருகிறார். கிபியோன் ஊர் அனனியா, பாபிலோனுக்கு அடிபணிவதன் அடையாளமாக எரேமியா கழுத்தில் சுமந்திருந்த நுகத்தை ஆலயத்திலேயே உடைத்து, இரண்டே ஆண்டில் விடுதலை என்றார். மக்களுக்கு எது இனித்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. அனனியா அவிசுவாசி அல்ல. கடவுளின் பெயரால்தான் பேசினார். ஐந்தாம் மாதத்தில் பேசியவர் ஏழாம் மாதத்தில் இறந்துபோனார். அட்டை வழக்கத்தின் சிக்கல் இதில் தெளிவாகிறது: வசனம் எரேமியாவுடையது, காலக்கெடு அனனியாவுடையது.

காத்திருப்பதென்றால் வாயை மூடிக்கொண்டிருப்பதா? 13ஆம் சங்கீதம் இரண்டே வசனங்களுக்குள் நான்கு முறை ‘எதுவரைக்கும்’ என்று கேட்கிறது. யாக்கோபின் நிருபம் பொறுமைக்கு யோபுவைக் காட்டுகிறது. அந்த யோபுவோ பிறந்த நாளைச் சபித்து, கடவுளை வழக்குக்கு அழைத்தவர். ஆராதனையிலிருந்து புலம்பல் மறைந்தால் உடன்படிக்கையே பொய்யாகிவிடும் என்று வால்டர் புரூகெமன் 1986இல் எழுதினார். இந்தத் துறையில் நான் மீண்டும் மீண்டும் போய்ப் படிக்கும் கட்டுரை அது.

1964இல் இரண்டு நூல்கள் வந்தன. போர்க்கைதியாக முகாம்களில் இருந்து 1948இல் வீடு திரும்பிய யூர்கன் மோல்ட்மன் ‘நம்பிக்கையின் இறையியல்’ எழுதினார். வாக்குத்தத்தத்தை நம்புகிறவர் இன்றைய அநீதியோடு சமரசமாக முடியாது என்பது அதன் மையம். ஏன் இனியும் காத்திருக்க முடியாது என்று மார்ட்டின் லூதர் கிங் தலைப்பிலேயே சொன்னார். கறுப்பின மக்களைப் பொறுத்திருக்கச் சொன்னவர்களில் போதகர்களும் இருந்தார்கள். 1980களில் இந்தியாவில் அரவிந்த் நிர்மல் முன்வைத்த தலித் இறையியலும் இந்தக் கோபத்தைப் பகிர்ந்துகொண்டது. மறுமையைக் காட்டி இம்மையின் சாதியைச் சகிக்கச் சொல்வது வேதம் சொல்லும் பொறுமை ஆகாது.

எரேமியா எழுபது ஆண்டு என்று சொன்னபோது தாமும் அந்த நுகத்தைச் சுமந்திருந்தார்; தொழுமரத்தில் மாட்டப்பட்டிருந்தார், பிறகு சேறு நிறைந்த கிணற்றிலும் இறக்கப்பட்டார். பிறரைக் காத்திருக்கச் சொல்கிறவர் அந்தச் சுமையில் பங்கெடுக்கிறாரா என்று சபை கேட்க வேண்டும். 29:11ஐ வைத்துப் பிரசங்கிக்கிறவர்கள், தயவுசெய்து 28ஆம் அதிகாரத்திலிருந்து வாசிக்கத் தொடங்குங்கள்.