பக்கத்தில் அமர்ந்தவர்: லால்குடி ஜெயராமனின் கூட்டிசைக் கலை

மலேசியாவில் பரதநாட்டிய அரங்கேற்றங்களுக்குச் செல்லும் வழக்கமுடையோர்க்கு லால்குடி ஜெயராமன் என்னும் பெயர் புதிதன்று. பினாங்காயினும் கோலாலம்பூராயினும், நிகழ்ச்சியின் நிறைவில் ஆடப்பெறும் தில்லானா அவர் இயற்றியதாக இருக்கக்கூடும். மோகனகல்யாணியோ தேஷோ தொடங்கியவுடன் அவையில் ஒரு மலர்ச்சி தோன்றுவதைப் பலரும் கண்டிருப்பர். எனினும் நாம் அவரைப் பெரும்பாலும் நடனமணிகளின் பாதங்கள் வழியாகவே அறிந்திருக்கிறோம். வில்லும் நரம்புமாக அவர் செய்த வாழ்நாட்பணி என்ன என்னும் வினா நம்மிடையே போதிய அளவு எழுப்பப்பெறவில்லை.

அவரைப் பற்றிய கட்டுரைகள் பலவும் 'பல்துறை வல்லுநர்' என்று தொடங்கிப் பட்டியலுள் புகுந்துவிடுகின்றன. பக்கவாத்தியக் கலைஞர், தனிக்கச்சேரி வித்துவான், வயலின்–வேணு–வீணைக் குழுவை உருவாக்கியவர், வர்ணங்களும் தில்லானாக்களும் இயற்றியவர், நாட்டிய நாடகத்திற்கும் திரைப்படத்திற்கும் இசையமைத்தவர், நல்லாசிரியர் என்று அப்பட்டியல் நீளும். பட்டியல் உண்மைதான், ஆனால் பட்டியலிடுதல் திறனாய்வு ஆகாது. இத்தனை துறைகளையும் ஈன்ற வேர் எது என்று காண்பதே திறனாய்வின் கடமை. பிறரோடு சேர்ந்து இசைத்தலே அவ்வேர் என்பதும், பக்கவாத்தியம் என்று நாம் சற்றுத் தாழ்த்தி வைத்திருக்கும் கலையே அவருடைய தலையாய கலை என்பதும் எம் கருத்து.

1930ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 17ஆம் நாள் பிறந்த ஜெயராமன், தியாகராசரிடம் நேரே பயின்ற லால்குடி இராமய்யர் வழிவந்தவர். தந்தையார் வி.ஆர். கோபாலய்யரே ஆசான். பன்னிரண்டாம் வயதில் மேடையேறினார். 2013 ஏப்ரல் 22இல் சென்னையில் மறைந்தார். வாழ்க்கைக் குறிப்புக்கு இவ்வளவு போதும். விரிவாக அறிய விழைவோர்க்கு இலட்சுமி தேவ்நாத் ஆங்கிலத்தில் எழுதிய வரலாற்று நூல் உண்டு.

மேலை மரபில் 'சேம்பர் மியூசிக்' எனப்படுவதைச் சிற்றரங்க இசை எனலாம். நால்வரோ ஐவரோ, நடத்துநர் ஒருவர் இன்றி, ஒருவரையொருவர் செவிமடுத்து இசைப்பது அது. 18ஆம் நூற்றாண்டில் ஹைடன் கையில் உருப்பெற்ற நரம்பிசை நால்வர் குழு அதற்குச் சிறந்த சான்று. நம் கச்சேரியும் அமைப்பால் அத்தகையதே. பாடுவோர், வயலின், மிருதங்கம், சில வேளை கடமோ கஞ்சிராவோ, நடத்துநர் இல்லை. ஒரு வேறுபாடு மட்டும் பெரிது. அங்கே ஒவ்வொருவர்க்கும் உரிய பகுதியை இசையமைப்பாளர் முன்னரே எழுதித் தந்துவிடுகிறார். இங்கே வயலின் கலைஞர்க்கு எழுதிய தாள் எதுவும் இல்லை. பாடுபவர் அடுத்து எங்குச் செல்வார் என்பதை மூச்சளவு இடைவெளியில் ஊகித்து, அவர் நிழலாகத் தொடர்ந்து, ஆலாபனையில் அவர் ஓய்ந்தபின் அதே இராகத்தைத் தம் மொழியில் சுருக்கிச் சொல்லி, நிரவலிலும் கற்பனைச் சுரத்திலும் உடனுக்குடன் விடை தர வேண்டும். அவர் தம் கருவியின் சுருதியைக்கூடப் பிறர்க்காக மாற்றிக்கொள்பவர். ஆடவர் ஒருவர் ஒரு கட்டையில் பாடினாலும் பெண்பாடகர் ஐந்து கட்டையில் பாடினாலும், நான்கு நரம்புகளையும் அதற்கேற்பச் ச–ப, ச–ப என்று கூட்டிக்கொள்ள வேண்டியவர் அவரே.

இப்பணியில் ஜெயராமன் யாருடன் அமர்ந்தார் என்பதைக் கருதினால் அதன் அருமை விளங்கும். அரியக்குடி இராமானுச ஐயங்கார், செம்மங்குடி சீனிவாசய்யர், ஜி.என். பாலசுப்பிரமணியம், மதுரை மணி ஐயர், ஆலத்தூர் சகோதரர்கள் ஆகியோர் ஒரே காலத்து வித்துவான்களாயினும் ஒரே வகை வித்துவான்கள் அல்லர். அரியக்குடியின் இசை மத்திம காலத்தில் அளவோடு நடப்பது. ஜி.என்.பி.யின் குரல் பிருகாக்களாகப் பறப்பது. மணி ஐயரின் சுரங்கள் கணக்கின் சுமை தெரியாமல் சர்வலகுவாக ஓடுபவை. ஆலத்தூராரோ பல்லவியின் கணக்கில் பிடிவாதம் உடையவர்கள். இவர்களோடு புல்லாங்குழல் மேதை டி.ஆர். மகாலிங்கத்தையும் சேர்க்க வேண்டும். மாலி எனப்பெற்ற அவர் அடுத்த நொடியில் என்ன செய்வார் என்பதை அவையோரால் ஊகிக்க இயலாது. பக்கத்தில் அமர்ந்தவர் ஊகித்தே ஆக வேண்டும். ஓர் இசைவாணர் தம் தனித்தன்மையை இழக்காமல் இத்தனை பேருடைய தன்மைக்கும் இசைந்து நிற்றல் எளிதன்று. 'பல்துறை வல்லமை' என்னும் சொல்லுக்கு முதற்பொருள் இதுவே எனக் கொள்ளுதல் தகும்.

ஆயினும் இக்கலைக்குத் தனி ஆவணம் இல்லை. ஒலிநாடாக்களின் மேலுறையில் பாடகரின் பெயரே பெரிதாக நிற்கும். வயலின் கலைஞரின் பெயர் சிற்றெழுத்தில் இருக்கும், அல்லது இராது. கச்சேரி பாடகருடையது என்றே கணக்கிடப்படுகிறது. ஆகவே ஒரு பக்கவாத்தியக் கலைஞரின் முதன்மையான படைப்புகள் அனைத்தும் பிறர் பெயரிலேயே வைப்பில் கிடக்கின்றன. நூலாசிரியரின் நூற்பட்டியல் இல்லாமல் அவரைப் பற்றித் திறனாய்வு எழுத முடியுமா?

ஜெயராமன் வயலினைப் 'பாட வைத்தவர்' என்பது அவரைப் பற்றி மிகுதியாக வழங்கும் பாராட்டு. சாகித்தியத்தின் அசைகளுக்கு ஏற்ப வில்லைத் திருப்பி, சொல் உடையாமல் வாசிக்கும் அவர் முறையை 'லால்குடி பாணி' என்பர். கீர்த்தனையை அறிந்த செவிக்கு அவர் வாசிப்பில் சொற்களே கேட்கும் என்பது மிகையன்று. எனினும் இப்பாராட்டில் ஒரு குறை உண்டு. கருவி வாய்ப்பாட்டை எவ்வளவு அணுகுகிறதோ அவ்வளவே அதன் உயர்வு என்னும் எண்ணம் அதனுள் மறைந்திருக்கிறது. அவ்வாறாயின் கருவிக்கெனத் தனிச் சிந்தனை இல்லையா? இவ்வினாவிற்கு ஜெயராமன் சொல்லால் விடை தரவில்லை; 1966ஆம் ஆண்டு ஒரு குழுவை அமைத்து விடை தந்தார்.

அக்குழுவில் வயலின் ஜெயராமனுடையது, வேணு என். ரமணியுடையது, வீணை திருவனந்தபுரம் ஆர். வெங்கட்ராமனுடையது. வாய்ப்பாட்டு இல்லாத இடத்தில் முதன்மை யாருக்கு என்பதே இங்கு எழும் முதற்சிக்கல். மூன்று கருவிகளின் இயல்பும் வேறு. வீணையில் மீட்டிய ஒலி எழுந்தவுடன் தேயத் தொடங்கும். குழலின் ஒலி மூச்சுள்ளவரை நிற்கும். வில்லிசைக்கோ முடிவே வேண்டியதில்லை. வயலின் நினைத்தால் மற்ற இரண்டையும் மூழ்கடித்துவிடலாம். குழுவின் வெற்றி வயலினின் அடக்கத்தைப் பொறுத்தே அமைகிறது. பிறருக்கு இடம்விட்டு வாசிக்கும் பயிற்சியைப் பல்லாண்டுகள் பாடகர்களின் பக்கத்திலிருந்து பெற்ற ஒருவரே இத்தகைய குழுவை அமைக்க முடிந்தது என்பது தற்செயல் அன்று. பக்கவாத்தியத்தில் கற்றதை அவர் இங்குச் சமநிலைக்கு உயர்த்தினார்.

குழுவின் இசை முழுவதும் ஒரே தரத்தது என்று நாம் சொல்ல மாட்டோம். மூவரும் மாறி மாறி ஆலாபனை செய்யும் இடங்களில் பட்டிமன்றத்தில் முறைவைத்துப் பேசுவது போன்ற ஓர் ஒழுங்கு வந்துவிடுகிறது. ஒருவர் முடிப்பதற்காக மற்றவர் காத்திருப்பது தெரிகிறது. சுரக் கோவைகள் குறுகிக் குறுகி வரும் பகுதிகள் கைத்தட்டலை நோக்கியவை. குழுவின் உண்மையான செல்வம் கீர்த்தனைகளை மூவரும் சேர்ந்து வாசிக்கும் பகுதிகளில்தான் உள்ளது. ஒரே அடியை மூன்று கருவிகளும் இசைக்கும்போது, வீணை விட்ட இடத்தை வில் நிரப்புவதும், குழல் ஒரு கமகத்தை நீட்ட மற்ற இரண்டும் ஒதுங்கி நிற்பதும் கவனத்திற்குரியன. ஆரவாரமான பகுதிகளையே நினைவில் வைத்திருப்போர் இதனைக் கேளாமலே போய்விடக்கூடும்.

1965இல் எடின்பரோ விழாவில் அவர் வாசித்ததைக் கேட்டு வியந்த யெகூதி மெனுகின் தம் இத்தாலிய வயலினை அவருக்குப் பரிசாக அளித்த செய்தியை எழுதாதவர் இல்லை. மேலை நாட்டார் தந்த நற்சான்றாக அதனை மீண்டும் மீண்டும் எடுத்துக்காட்டுவது நமக்கு உடன்பாடன்று. இருநூறு ஆண்டுகளுக்கு முன்னரே வயலினை வாங்கித் தன்வயப்படுத்திக்கொண்ட மரபு நம்முடையது. பாலுசாமி தீட்சிதரும் தஞ்சை நால்வருள் ஒருவராகிய வடிவேலுவும் அதற்கு வழிவகுத்தோர். தோளில் நிற்க வேண்டிய கருவியைத் தரையில் அமர்ந்து மார்புக்கும் பாதத்திற்கும் இடையே நிறுத்தியமையால் இடக்கை தாங்கும் வேலையினின்று விடுபட்டது. நரம்பின்மேல் வழுக்கிச் செல்லும் கமகங்கள் கைவந்தன.

வடிவேலுவை இங்கு நினைப்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. சுவாதித் திருநாள் மன்னரிடம் 1834இல் யானைத் தந்த வயலினைப் பரிசாகப் பெற்ற அவர், வயலின் கலைஞர் மட்டும் அல்லர். ஆடலுக்கு வர்ணங்களும் தில்லானாக்களும் தந்த நட்டுவ மரபினர். கச்சேரி மேடை ஆடலரங்கினின்று விலகிச் சென்ற பின்னர், வயலின் கலைஞர் ஒருவர் ஆடலுக்காக இயற்றுவது அரிதாயிற்று. ஜெயராமனின் சாருகேசி வர்ணமும், ஒன்பது இராகங்களில் ஒன்பது சுவைகளை அமைத்த அங்கயற்கண்ணி பதவர்ணமும் வடிவேலுவின் வழியை மீட்டெடுத்தன. இவ்விரண்டும் தமிழில் அமைந்தவை என்பதும் நம் கவனத்திற்குரியது.

தில்லானாக்களில் அவர் தேஷ், பெஹாக், திலங், பீம்ப்ளாஸ், துவிஜாவந்தி எனப் பல இராகங்களைத் தேர்ந்தார். அவற்றுட் சிலவற்றில் இனிமை சற்று மிகுந்து, இராகத்தின் ஆழம் குறைந்துவிட்டது எனும் குறைபாடு முற்றிலும் தள்ளத்தக்கதன்று. எனினும் சொல் மிகக் குறைந்த இவ்வடிவத்தில்தான் அவர் கருவியின் சிந்தனை முழு உரிமை பெறுகிறது. வில்லின் வெட்டும் இழைவும் சொற்கட்டுகளாக மாறியிருக்கின்றன. 'பாடும் வயலின்' என்னும் பாராட்டு இங்குத் தலைகீழாகிறது. பாடகர் வயலினைப் போலப் பாட வேண்டியவர் ஆகிறார். 1994இல் கிளீவ்லாந்தில் அரங்கேறிய 'ஜெய ஜெய தேவி' நாட்டிய நாடகத்தையும், 2005ஆம் ஆண்டுக்கான இந்திய தேசிய திரைப்பட விருதை ஈட்டித் தந்த 'சிருங்காரம்' படத்தின் இசையையும் இத்தொடர்ச்சியில் வைத்துக் காணலாம். பின்னது தேவதாசியர் வாழ்வைக் கூறும் படம் என்பதால் பொருத்தம் கூடுகிறது.

பதுமசிறீ (1972), பதுமபூசண் (2001) முதலிய விருதுகள் அவரை அடைந்தன. சென்னை மியூசிக் அகாதெமியின் சங்கீத கலாநிதி பட்டம் அடையவில்லை. அவரோடு சேர்த்து வயலின் மும்மூர்த்திகள் எனப் போற்றப்பெற்ற டி.என். கிருஷ்ணன் 1980இலும் எம்.எஸ். கோபாலகிருஷ்ணன் 1997இலும் அதனைப் பெற்றனர். அவர்தம் மாணவியாகிய வாய்ப்பாட்டுக் கலைஞர் பம்பாய் ஜெயஸ்ரீ 2023இல் பெற்றார். பட்டத்தைக் கொண்டு கலைஞரை அளப்பது நம் நோக்கமன்று. ஆனால் வயலின் ஆசானிடம் வாய்ப்பாட்டுக் கற்றவர்கள் முன்னணிக்கு வந்தமை, பக்கத்தில் அமர்ந்தவர் எவ்வளவு கூர்ந்து கேட்டிருந்தார் என்பதைக் காட்டுகிறது.

நம் நாட்டு நிலையை எண்ணும்போது ஒரு கவலை எழுகிறது. இங்கு வயலின் கற்கும் தமிழ்ப் பிள்ளைகளுள் ஒரு சாரார் இலண்டன் தேர்வுகளுக்காக நின்று வாசிக்கின்றனர். மற்றொரு சாரார் அமர்ந்து கீர்த்தனைகளைப் பயில்கின்றனர். இரு சாராரும் பெரும்பாலும் தனித்தே வாசிக்கக் கற்பிக்கப்பெறுகின்றனர். பாடுபவர் ஒருவர் அருகில் அமர்ந்து, தெரியாத ஆலாபனையைத் தொடரும் பயிற்சி பாடத்திட்டத்தில் இடம்பெறுவதில்லை. தில்லானா ஆடுவோர் பெருகுகின்றனர். அதற்கு உடனிருந்து வாசிக்க வேண்டியவர்களோ குறைந்து, பதிவுசெய்த இசைத்தட்டு அவர்களின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது.

ஆய்வு மாணவர்க்கு உரிய பணி ஒன்றும் காத்திருக்கிறது. பினாங்கிலும் பிற ஊர்களிலும் பழைய இசை அன்பர்களின் வீடுகளில் அரியக்குடி, ஜி.என்.பி., மணி ஐயர் என்று எழுதி வைத்த ஒலிநாடாக்கள் இன்னும் இருக்கலாம். அவற்றைக் கேட்டு, வயலின் யாருடையது என்று கண்டறிந்து, அப்பெயரையும் உறையின்மேல் எழுதத் தொடங்க வேண்டும்.